தாலி கட்டும் நேரத்தில் கேமரா எங்கே நிற்கும்?

தாலி கட்டும் சடங்கு ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் புரோகிதரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கை உயர்ந்ததும் கெட்டிமேளம். மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போடுவார். அடுத்த இரண்டும் பெண்ணின் பின்னால் நிற்கும் நாத்தனாருடையவை. பெண்ணின் கழுத்தில் அப்போது ரோஜா மாலை, மாலைக்கு அடியில் நகைகள், பின்கழுத்தில் மல்லிகைச் சரம், சவுரி வைத்துப் பின்னிய ஜடை. யாராவது ஒருவர் அந்த ஜடையைத் தூக்கிப் பிடித்தால்தான் முடிச்சுப் போட முடியும். முன்வரிசை எழுந்து நிற்கும். அட்சதை நாலாபக்கமும் பறக்கும். ஹோமப் புகை மேடையைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

முன்னால் நிற்கும் கேமராவுக்குப் பெண்ணின் முகம் கிடைக்கும், முடிச்சு கிடைக்காது. பக்கவாட்டில் நிற்கும் கேமராவுக்கு நாத்தனாரின் விரல்கள் கிடைக்கும். எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தகப்பனார் கிடைக்கமாட்டார். மணவறையின் தூண் எங்கே இருக்கிறது, பெரியவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள், குத்துவிளக்கு யாரை மறைக்கும் என்பதெல்லாம் முந்தின நாள் மாலை மண்டபத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். முகூர்த்த வேளையில் வந்து தேடுகிறவருக்கு மாமாவின் முதுகுதான் கிடைக்கும்.

திருமணப் படம் நன்றாக அமைவதும் அமையாமல் போவதும் பெரும்பாலும் திருமணத்துக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. விலை உயர்ந்த கேமரா அதற்குப் பிறகு வருகிற விஷயம். வீட்டார் படக்காரரிடம் என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், எந்த வெளிச்சத்தில் நிற்க வைத்தார்கள் என்கிற மூன்றும்தான் ஆல்பத்தில் தெரியும்.

கேமரா இல்லாத கல்யாணங்களும் உலகத்தில் நடந்தன, அரண்மனையிலும் கூட. டாகெரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839-இல். விக்டோரியா ராணியின் திருமணம் 1840 பிப்ரவரியில். அந்தத் திருமணத்துக்குப் புகைப்படம் கிடையாது. ராணியும் ஆல்பர்ட்டும் மணக்கோலம் போன்ற உடையில் நிற்கும் படங்கள் பல இடங்களில் திருமணப் படம் என்றே அச்சாகின்றன. அவை ரோஜர் ஃபென்டன் 1854-இல் எடுத்தவை. அதாவது பதினான்கு வருடம் கழித்து.

தமிழ்நாட்டிலோ கல்யாணப் படம் ஸ்டூடியோவில்தான் பிறந்தது. கல்யாணம் முடிந்த சில நாட்களில், நல்ல நாள் பார்த்து, புதுத்தம்பதி பட்டுப்புடவையும் சரிகை வேட்டியுமாக ஸ்டூடியோவுக்குப் போவார்கள். பின்னால் வரைந்த திரை. பக்கத்தில் ஒரு பூச்சாடி. ஒருவருக்கு நாற்காலி, மற்றவர் நிற்பார். பல குடும்பங்களில் அந்த ஒரே படம்தான் கல்யாணத்துக்குச் சாட்சி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கினார்கள். அவ்வாறு தேட வேண்டியிருந்ததே, எத்தனை படங்கள் பரணிலும் பழைய கடைகளிலும் கேட்பாரற்றுக் கிடந்தன என்பதற்குச் சான்று.

பிறகு கேமரா கல்யாண வீட்டுக்கே வந்தது. 120 ஃபிலிம் சுருளில், சதுரச் சட்டத்தில் எடுத்தால் 12 படம். 35 மில்லிமீட்டர் சுருளில் 36. 1960-இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டு ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் சந்தைக்கு வந்த பிறகும், ஒவ்வொரு சொடுக்குக்கும் காசு என்ற நிலை மாறவில்லை. அதனால் படக்காரர் முன்கூட்டியே வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக்கொள்வார்: எத்தனை சுருள் போடட்டும், யார் யார் கட்டாயம் வர வேண்டும், குரூப் போட்டோவை வாசலில் எடுக்கலாமா மாடியிலா? அந்தப் பேச்சுத்தான் திட்டம். அதற்குத் தனியாக யாரும் பெயர் வைக்கவில்லை.

டிஜிட்டல் வந்ததும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. ஆனால் கல்யாணம் முடிந்து உட்கார்ந்து பார்க்கும்போது, பெண்ணின் பாட்டி தனியாக ஒரு படத்திலும் இருக்கமாட்டார். வேலையை இழுத்துப் போட்டுச் செய்த சித்தப்பா மொய் எழுதும் மேசைக்குப் பின்னால் பாதி முகமாகத் தெரிவார். பெண்ணும் அவளுடைய அண்ணனும் மட்டும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றும் இருக்காது. ஆளில்லாத மேடை அலங்காரத்துக்கு மட்டும் நாற்பது படம் இருக்கும். இதைப் படக்காரரின் குறை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. முந்நூறு பேர் நிற்கும் மண்டபத்தில் பெரியம்மா யார், பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு வழி எளியது. பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், முகம் தெரிந்த ஆளாகப் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். கல்யாண வேலை தலைக்குமேல் இருக்கும் பெற்றோரிடம் இதைக் கொடுக்கக் கூடாது. அத்தை மகனோ, சித்தி மகளோ, கல்லூரி படிக்கும் பிள்ளையோ போதும். உறவுமுறை தெரிந்திருக்க வேண்டும், சத்தமாகக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும். கட்டாயம் எடுக்க வேண்டிய குழுப் படங்களின் பட்டியல் ஒரே தாளில் அவர் கையில் இருக்கட்டும். அதன் பிரதி படக்காரர் கையிலும்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆட்களைக் கூட்டி, நிறுத்தி, குழந்தையைச் சமாதானப்படுத்தி, கண் மூடினவர்களுக்காக இரண்டாம் முறை எடுத்து முடிக்க ஒரு குழுவுக்கு 3 நிமிடம் பிடிக்கும். 20 குழு என்றால் 1 மணி நேரம். நிகழ்ச்சி நிரலில் அந்த ஒரு மணி நேரத்துக்கு எவரும் இடம் ஒதுக்குவதில்லை. பந்தி காத்திருக்கிறது என்று மணமக்களை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வரவேற்பு மேடைக்கும் இதே கணக்குத்தான். 200 குடும்பங்கள் மேடையேறி, ஒவ்வொன்றும் அரை நிமிடம் நின்றால் 100 நிமிடம். அத்தனை நேரமும் மணமக்கள் நின்றுகொண்டே சிரிக்க வேண்டும். கடைசியில் வருகிற நெருங்கிய சிநேகிதருக்குக் களைத்த முகம்தான் கிடைக்கிறது. நடுவில் பத்து நிமிடம் மேடையை நிறுத்தி, அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதை அவமரியாதையாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

வயதானவர்களின் படத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். இதில் தயக்கமே கூடாது. முகூர்த்தம் முடிந்ததும் அவர்களுக்கு மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், படுக்கிற நேரம் என்று வந்துவிடும். மேடைப் படி ஏற முடியாத தாத்தாவிடம் மணமக்கள் இறங்கிப் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டால், அந்தப் படம் மேடையில் எடுத்த எந்தப் படத்தையும்விட நன்றாகவே இருக்கும்.

சடங்கு விவரம் அடுத்தது. ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் பெண் தகப்பனார் மடியில் அமர்ந்திருக்கத் தாலி கட்டுவார்கள். மாலை மாற்றும்போது தாய்மாமன்கள் மணமக்களைத் தூக்கிக்கொள்வார்கள். ஊஞ்சலில் பாலும் பழமும், பச்சைப்பிடி சுற்றுவதும் வேகவேகமாக நடக்கும். கொங்கு நாட்டில் அருமைக்காரர் முன்னின்று செய்விக்கும் சீர்கள் முந்தின இரவே தொடங்கிவிடும். இணைச்சீரில் மாப்பிள்ளையின் சகோதரிதான் முக்கியமானவர். நகரத்தார் வீட்டில் தாலி கட்டுவதன் பெயர் திருப்பூட்டுதல். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு அருகே போகலாம், ஃபிளாஷ் போடலாமா என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்க வேண்டும். நிக்காஹ் நடக்கும் வீட்டில் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் தனித்தனி என்றால், பெண்கள் பக்கத்துக்குப் பெண் படக்காரரை ஏற்பாடு செய்வது மரியாதை. சுயமரியாதைத் திருமணத்தில் மாலை மாற்றுவது சில நொடிகள், பேச்சு நீளம். அங்கே உரையாற்றுகிறவர்களையும் கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களையும் எடுப்பதுதான் வேலை. பேச்சைத் தெளிவாகப் பதிவுசெய்ய ஒலிப்பெருக்கிக்காரரிடமிருந்து நேராக ஒரு கேபிள் வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

ஒரு மாவட்டத்துப் படக்காரருக்கு இன்னொரு மாவட்டத்துச் சடங்கு தெரியாது. ஆகையால் வரிசையை எழுதிக் கொடுப்பதும், சடங்கு செய்விப்பவரிடம் படக்காரரை முன்கூட்டியே அறிமுகப்படுத்தி வைப்பதும் வீட்டார் கடமை. நல்ல புரோகிதர்கள் ‘இங்கே நின்றுகொள்ளுங்கள், இப்போது அக்கினி வலம் வருவார்கள்’ என்று தாங்களே சொல்லிவிடுவார்கள். சொல்லிக்கொள்ளாமல் ஹோமகுண்டத்தைத் தாண்டிப் போகிற படக்காரரிடம் அவர்கள் கோபப்படுவதும் சரிதான்.

கோயில் திருமணம் என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. கேமராவுக்கு என்ன விதி, எந்தப் பிரகாரம்வரை அனுமதி, கட்டணம் உண்டா என்பதைக் கோயில் அலுவலகத்தில் நேரில் கேட்டு ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே நாளில் பல குடும்பங்கள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இடம் அது. எந்த மூலையில் நின்றால் நம் வீட்டு ஆட்கள் மட்டும் படத்தில் விழுவார்கள் என்று முன்பே பார்த்து வைக்காவிட்டால், பக்கத்துக் குடும்பத்தின் கலசமும் கூட்டமும் நம் ஆல்பத்தில் வந்து சேரும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

மேடை அலங்காரக்காரர் ஊதாவும் நீலமுமாகப் பார் லைட்டுகளைப் போடுவார். நேரில் பார்க்கக் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். கேமராவுக்கு அது ஆகாது. நீல விளக்கில் மாநிற முகம் சாம்பல் பூத்துவிடும். அரக்குப் பட்டு கறுத்துவிடும். கேமராவில் பதியாத நிறத்தைக் கணினியில் திரும்பக் கொண்டுவர முடியாது. முகத்தில் விழும் விளக்கு வெள்ளையாக இருக்கட்டும், வண்ண விளக்கெல்லாம் பின்திரையில் மட்டும் விழட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதை அலங்காரக்காரரிடம் படக்காரர் சொன்னால் எடுபடாது. பணம் கொடுக்கிற வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மினுக்கல். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மலிவான எல்.இ.டி. விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும். 1/50, 1/100 விநாடி என்று வைத்தால் தப்பிக்கலாம். ஆனால் மாலை மாற்றும்போது ஆட்டமும் ஓட்டமுமாக இருக்கும், அந்த வேகத்தில் முகம் கலங்கிவிடும். பெரிய எல்.இ.டி. திரைகளுக்கு வேறு கணக்கு, வேறு தொல்லை. ஆகவே மண்டபத்து விளக்குகளை எல்லாம் போட்டு, முந்தின நாள் பத்துப் படம் எடுத்துப் பார்க்கிற படக்காரர் வேலை தெரிந்தவர். எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று கேட்டாலே அவர் எப்படிப்பட்டவர் என்பது புரிந்துவிடும்.

செயற்கை விளக்கே வேண்டாத இடம் வீடு. பந்தக்கால் நடுவது, முளைப்பாலிகை தெளிப்பது, நலங்கு வைப்பது எல்லாம் வீட்டில் நடப்பவை. காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து மருதாணிக் கையை அத்தைமார்களுக்குக் காட்டும் பெண்ணின் முகத்தில் விழுகிற வெளிச்சத்தை எந்த மண்டபத்திலும் வாங்க முடியாது. அங்கே அவள் வீட்டுச் சேலையில், தன் ஆட்களோடு, பயமில்லாமல் இருக்கிறாள். ஆறு மணி நேர வரவேற்புக்கு நாலு கேமரா வைக்கிறவர்கள், வீட்டில் நடக்கும் நலங்குக்கு ஒரு கேமராவை இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் ஆல்பமே மாறிவிடும். தமிழ்க் கல்யாணத்தில் மிக நல்ல படங்கள் பிறக்கிற இடம் மண்டபம் அல்ல, வீடுதான்.

வெளிச்சத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தோலின் நிறம். மேக்கப்பில் ஒரு படி வெளுக்க வைத்து, கணினியில் இன்னொரு படி வெளுக்க வைத்து, கடைசியில் சொந்தத் தங்கையே அடையாளம் தெரியாமல் நிற்கும் ஆல்பங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. மாநிறமும் கறுப்பும் நம் நிறங்கள். அவற்றுக்கு ஏற்ற ஒளி அளவைப் போட்டு எடுத்தால் பட்டும் பொன்னும் அந்த நிறத்தின்மேல்தான் துலங்கும். வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே சட்டத்தில் வரும்போது இரண்டையும் காப்பாற்றுவதுதான் படக்காரரின் கைத்திறன். முகத்தை வெளுக்க வேண்டாம், மச்சத்தையும் தழும்பையும் அழிக்க வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முப்பது வருடம் கழித்து மகள் அந்தப் படத்தில் தேடப்போவது தன் அம்மாவின் உண்மையான முகத்தை.

ஆட்கள் எத்தனை பேர் வேண்டும்? ட்ரடிஷனல் போட்டோ ஒருவர், ட்ரடிஷனல் வீடியோ ஒருவர், கேண்டிட் போட்டோ, கேண்டிட் வீடியோ, ட்ரோன், லைவ் என்று பேக்கேஜ் நீள்கிறது. மேடைக்கு முன்னால் ஆறு பேர் நின்றால், டிக்கெட் எடுத்து விமானம் ஏறி வந்த மாமாவுக்குத் தாலி கட்டுவது தெரியாது. நடுத்தரமான ஒரு கல்யாணத்துக்கு இரண்டு போட்டோகிராபரும் ஒரு வீடியோக்காரரும் ஒருவர் இடத்தை ஒருவர் அறிந்து நின்றால் தாராளமாகப் போதும். டொரன்டோவிலும் துபாயிலும் இருக்கும் உறவினருக்கு லைவ் வேண்டும் என்றால், 2020 ஊரடங்கில் பழகியதுபோல் ஒரு முக்காலியில் ஒரு கேமராவை அசையாமல் வைத்துவிடலாம். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே விளக்கைப் பிடிக்கக் கூடாது என்பதை வீடியோக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். வாயில் சோற்றோடு படமெடுக்கப்படுவது யாருக்கும் பிடிக்காது. பரிமாறுகிற கைகளையும், இலை போடும் வரிசையையும், அடுப்படியில் நிற்கும் சமையல்காரரையும் எடுக்கலாமே.

ட்ரோன் கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. விமான நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. மீனம்பாக்கத்துக்கு அருகே மண்டபம் எடுத்திருப்பவர்கள், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தைய வெளிப்புறப் படப்பிடிப்பு விருப்பத்தைப் பொறுத்தது. முகம் பழகுவதற்கும், படக்காரரோடு கூச்சம் போவதற்கும் அது உதவும். அவ்வளவுக்குப் பக்கத்துத் தோப்போ கடற்கரையோ போதும். நீர்நிலையில் இறங்கி எடுப்பதை மட்டும் யாரும் ஏற்கக் கூடாது. 2019 அக்டோபரில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணையில், செல்ஃபி எடுக்க நீரில் இறங்கிய புதுமணப் பெண் உட்பட ஒரே குடும்பத்தினர் நால்வர் மூழ்கி இறந்தார்கள். அணை, அருவி, பாறை விளிம்பு, ரயில் தண்டவாளம் என்று படக்காரர் எதைச் சொன்னாலும் வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

இனி ஒப்பந்தம். தை, வைகாசி, ஆவணி மாதங்களின் பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோவுக்கு நாலு கல்யாணம் இருக்கும். பேசியவர் ஒருவர், வருகிறவர் வேறொருவர். ஆகவே முதல் கேள்வி: எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்? அவர் எடுத்த முழுக் கல்யாணம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் இருப்பது பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிய முப்பது படம். ஒரே கல்யாணத்தின் ஐந்நூறு படத்தைப் பார்த்தால்தான் இருட்டிலும் கூட்டத்திலும் அவர் கை எப்படி என்று தெரியும். எத்தனை மணிக்கு வருவார், எப்போது கிளம்புவார், ஆல்பத்தில் எத்தனை ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு என்ன விலை, எத்தனை நாளில் கையில் கிடைக்கும், கேமராவில் ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகுமா, அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மாற்று யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸுக்கு ரசீது வாங்குங்கள். படக்காரர் குழுவுக்குச் சாப்பாடு எப்போது, எந்தப் பந்தியில் என்பதையும் சமையல்காரரிடம் சொல்லி வையுங்கள். அதிகாலை மூன்று மணியிலிருந்து நிற்பவர்கள் அவர்கள். கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் மிஞ்சியிருக்கும் நிலைக்கு அவர்களை விடக் கூடாது.

சட்டம் இதில் குடும்பத்தின் பக்கம் நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(ஆ)-வின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு உடன்படிக்கை இல்லாதவரை, அவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். ‘வேறு உடன்படிக்கை இல்லாதவரை’ என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். படக்காரர் நீட்டும் படிவத்தில், எங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போடுமுன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேட்க வேண்டும். அவர்களுக்கு விருப்பமில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். ஆல்பம் வரவே இல்லை, வீடியோ பாதிதான் இருக்கிறது என்றால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ரசீதும் எழுத்து ஒப்பந்தமும் அங்கேதான் பேசும்.

தாமதத்தில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. மூவாயிரம் படத்தைப் பென்டிரைவில் வாங்கி, தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று சொல்லிவிட்டு, சீமந்தம்வரை அதைத் திறக்காத குடும்பங்கள் எத்தனையோ. கல்யாணமான முதல் மாதத்திலேயே இரண்டு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிட வேண்டிய வேலை இது. சண்டை வராமலிருக்க, பெண் வீட்டுக்கு இவ்வளவு, மாப்பிள்ளை வீட்டுக்கு இவ்வளவு என்று பக்கங்களை முதலிலேயே பிரித்துக்கொள்ளலாம்.

எடுத்த படம் நிலைக்குமா? 1970-களிலும் 80-களிலும் எடுத்த கலர் பிரிண்டுகள் பல வீடுகளில் செக்கச்செவேலென்று மாறிவிட்டன. அந்தக் காலக் காகிதத்தில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிட, சிவப்பு மிஞ்சியது. அதற்கு முந்தைய தலைமுறையின் கறுப்பு வெள்ளைப் படமோ வெள்ளித் துகளின் தயவால் இன்னும் தெளிவாக இருக்கிறது. வி.எச்.எஸ். கேசட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு அதைப் போட்டுப் பார்க்கக் கருவி கிடைப்பது அரிது; உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்றைய பென்டிரைவுக்கும் அதே விதி வரலாம். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. பிடிக்கும். ஐந்து மணி நேரக் கல்யாணம் இரண்டு கேமராவில் என்றால் 450 ஜி.பி. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, ஒன்றைப் பெண் வீட்டிலும் ஒன்றை மாப்பிள்ளை வீட்டிலும் வைத்து, சில ஆண்டுக்கு ஒரு முறை புது டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே வர வேண்டும். ஸ்டூடியோக்காரரிடம் இருக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. அவர் அடுத்த சீசனுக்கு டிஸ்க்கைக் காலி செய்துவிடுவார்.

அதோடு ஐம்பது படத்தையாவது நல்ல காகிதத்தில் அச்சிட்டு வைக்க வேண்டும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பம் வேண்டாம். அந்தப் பசை நாளாவட்டத்தில் படத்தையே தின்றுவிடும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் பெயர், உறவு, ஊர், தேதி எழுதுங்கள். பேனா வேண்டாம், மை கசிந்து முன்பக்கம் வரும். பழைய ஸ்டூடியோப் படங்கள் பலவற்றில் மிடுக்காக உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்ல இன்று ஆளில்லை. எழுதி வைக்காததுதான் காரணம்.

வருகிற தை மாதத்தில் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பாகவே படக்காரரை ஒரு மாலை வீட்டுக்கு அழையுங்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சடங்கு வரிசையையும் குழுப் படங்களின் பட்டியலையும் அவரிடம் கொடுத்துப் பேசுங்கள். பேச்சு முடிந்ததும், வீட்டிலேயே வயதில் மூத்தவர் யாரோ அவரை வாசலில் உட்கார வைத்து, முதல் படத்தை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.